ஊதாத் துணிக்குள் இணையம்

2007 ஏப்ரல் 7, சனிக்கிழமை. பெரிய சனி, உயிர்ப்பு ஞாயிறான பாஸ்காவுக்கு முந்தின நாள். ஆறு மணிக்கு எழுந்தேன். பால்கனியில் தொங்கும் வெப்பமானி உறைநிலைக்கு இரண்டு பாகை கீழே காட்டியது. அதை நாட்குறிப்பில் எழுதினேன். பிறகு சவரம், பிறகு தேநீர். படிக்கட்டில் இரவு பிடித்திருந்த மெல்லிய பனிக்கட்டிக்கு ஒரு கோப்பை உப்புத் தூவினேன். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை என்பதால் உடுப்புத் தோய்ப்பதும் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவதும் என் பொறுப்பு. வெள்ளைகளை முதலிலும் நிறமானவற்றைப் பிறகும் போட்டேன்.

இந்த ஒழுங்கில் எதையும் நான் மாற்றுவதில்லை. வெப்பமானியைப் பார்க்காமல் தேநீர் குடித்த நாள் கிடையாது. "வெளியிலை குளிரோ எண்டு பாக்க மற்ற ஆக்கள் யன்னலைத் திறப்பினம். இவர் கொப்பியைத் திறப்பார்" என்று என் மனைவி தன் தங்கையிடம் தொலைபேசியில் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நான் கேட்கும்படியாகத்தான் சொல்வாள்.

அன்று காலை அவள் எனக்கு முன்னரே எழும்பிவிட்டாள். குசினியில் நின்று சோற்றுப் பானையைப் பார்த்துப் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தாள். பானைக்கு மூன்று வயது என்றும், அதற்கு நித்திரை வரவில்லை என்றும், அதைச் சமாதானப்படுத்துவதாகவும் பாவனை. பிற்பகல் மூன்று மணிக்கு அவளுக்கு வாய்மொழிப் பரீட்சை.

அந்தப் பரீட்சையைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். பல வருடங்களாக அவள் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் நின்று வேலை செய்துவந்தாள். குழந்தைகள் காப்பகம் ஒன்றில், இங்குள்ள பிரெஞ்சுக்காரர் கார்தெரி என்பார்களே, அதில் வேலை செய்யவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கான படிப்பை வீட்டிலிருந்தே கணினி மூலம் படித்து, எல்லாப் பாடங்களையும் முடித்துவிட்டாள். மீதி இருந்தது பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சை மட்டும். கேட்பானும் ஒலிவாங்கியும் சேர்ந்த கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, எங்கோ தூரத்தில் இருக்கும் ஆசிரியை கேட்பதற்குக் கணினி வழியே பதில் சொல்லவேண்டும். இல்-பிசார் தீவில் ஒரு கார்தெரியின் நிர்வாகி அவளைப் பார்த்துப் பிடித்துப்போய், பாஸ்கா முடியும்வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அன்று தவறினால் அடுத்த பரீட்சை இலையுதிர் காலத்தில். அதற்குள் இடம் வேறு யாருக்காவது போய்விடும். நாங்கள் இருந்த பியர்ஃபோன்ட்ஸில் இருந்து அந்தத் தீவுக்குப் பாலத்தைக் கடந்தால் போதும். பேருந்து குறைவுதான். அதன் அட்டவணையை நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன்.

ஒன்பது மணிக்குக் கணினியைத் திறந்து இணைப்பைச் சரிபார்த்தேன். வேலை செய்தது. மூடி வைத்தேன். சரிபார்த்ததையும் குறித்துக்கொண்டேன்.

பத்து மணியளவில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு மதாம். எங்களுடையது மேலும் கீழுமாக இரண்டு குடும்பங்கள் இருக்கும் வீடு. கீழே அந்த அம்மா தனியாக இருந்தார். பாஸ்காவுக்கு ஷெர்புரூக்கில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறாராம், திங்கள் மாலைதான் திரும்புவாராம். பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியைத் தந்தார். தீ விபத்துக்குப் பயந்து வீட்டில் உள்ள எல்லா மின் செருகிகளையும் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார். கோப்பி இயந்திரம், வானொலி, மேசை விளக்கு என்று விரல் மடக்கி அவர் சொன்ன முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்படி ஒருவர் கீழே இருக்கும்போது மேலே நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். அவருடைய கார் புறப்பட்டுப் போனது.

எங்கள் மடிக்கணினி அந்த வருடம் பெப்ரவரியில் வாங்கியது. அதுவரை மேசையில் கிடந்த பழைய கணினியில் ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு இறக்கவேண்டும். இறக்கினாலும் பாதி எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரியும். புதியதில் அப்போதுதான் வெளிவந்திருந்த இயங்குதளம். திறந்தவுடன் தமிழ் தமிழாகவே தெரிந்தது. மூடியை மூடினால் தூங்கியது, திறந்தால் விட்ட இடத்திலிருந்து விழித்தது. சாளரங்களின் ஓரங்கள் கண்ணாடி போல மின்னின. எதையாவது மாற்றப் போனால் மட்டும் திரை முழுவதும் இருண்டு, இதை அனுமதிக்கிறீர்களா என்று நடுவில் ஒரு கேள்வி வரும். "இமிகிரேசன்காரர் மாதிரி" என்றாள் மனைவி. "நாங்கள்தானே வாங்கினது? எங்களையே ஆர் எண்டு கேக்குது."

எல்லாவற்றிலும் பெரிய வசதி வயர் இல்லாததுதான். அவள் கணினியைக் குசினிக்குக் கொண்டுபோய், ஒரு கையால் மா குழைத்துக்கொண்டே பாடம் கேட்டாள். விசைப்பலகையில் மா படிந்தது. நான் பல் துலக்கும் பழைய தூரிகையால் துப்புரவாக்கினேன்.

இணையப் பெட்டியைத் தொலைபேசி நிறுவனம் தபாலில் அனுப்பியிருந்தது. வழிகாட்டியை இரண்டு முறை வாசித்தபின்பே பிரித்தேன். பெட்டியை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வைக்கவேண்டும் என்று அதில் இருந்தது. தொலைபேசி இணைப்பு இருக்கும் மூலையும் எங்கள் வீட்டின் மிக உயரமான தட்டும் ஒன்றுதான். அங்கே புனிதரின் பீடம் இருந்தது. எங்கள் ஊர்க் கோயிலின் பாதுகாவலர், ஒரு முழ உயரச் சுருபம், முன்னால் விடியல் முதல் இரவுச் செபமாலை முடியும்வரை எரியும் சிறிய சிவப்பு மின்விளக்கு. மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, காலடியில் வைத்தால் குற்றமில்லை என்றாள். நான் பெட்டியை வைத்து, அதன் மின்வயரைச் சுவரில் இருந்த மின்துளையில் தனியாகச் செருகினேன். விளக்கின் வயர், பக்கத்தில் இருந்த, பல செருகிகள் பொருத்தும் நீட்டுப் பலகையில் இருந்தது. பெட்டியின் வலைக்கு அந்தப் புனிதரின் பெயரையே வைத்தேன். கடவுச்சொல் பன்னிரண்டு எழுத்துகள்.

அந்த முதல் மாலையில் இன்னொன்றும் நடந்தது. நடந்தது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. பெட்டிக்குப் பெயர் வைப்பதற்கு முன்னர், அருகில் உள்ள வலைகள் என்று கணினி ஒரு பட்டியல் காட்டியது. அதில் முதலாவதாக, எல்லாக் கோடுகளும் நிரம்பி, பெட்டி தயாரித்தவர்களின் பெயரோடு ஒரு வலை இருந்தது. இது நம்முடையதாகத்தான் இருக்கும் என்று அதை அழுத்தினேன். தானாகவே இணையவா என்று கேட்டது. ஓம் என்றேன். பூட்டு எதுவும் இல்லாமல் திறந்துகொண்டது. பிறகு வழிகாட்டியின்படி பெயர் வைத்து, கடவுச்சொல் இட்டு, மறுபடி இணைந்தேன். முதலாவது பெயரின் மேல்தான் இரண்டாவது பெயரை எழுதிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு அன்று மனைவி பீடத்தை ஊதாத் துணியால் மூடினாள். பாஸ்காத் திருவிழிப்பில், அந்தச் சனி இரவுப் பூசையில், வானவர் கீதம் பாடும்வரை துணியை எடுப்பதில்லை. கோயிலிலும் அப்படித்தான், அவளுடைய மன்னார் வீட்டிலும் அப்படித்தான். பெரிய வியாழன் பூசையிலிருந்து வந்ததும் சிவப்பு விளக்கையும் நூர்த்துவிடுவாள். அதுவும் பாஸ்காவுக்குத்தான் மறுபடி எரியும். இந்த முறை அதற்கு மேல் ஒரு நேர்த்தியும் இருந்தது. பரீட்சையில் தேறவேண்டும் என்று, இந்த மூன்று நாளும் ஒரு வழக்கமும் பிசகாமல் கடைப்பிடிப்பதாகப் புனிதரிடம் சொல்லியிருந்தாள். துணியின் ஒரு நுனியைக்கூட யாரும் தொடக்கூடாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு மணிக்கு, அவள் கணினியைத் திறந்தாள். ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டாள். பிறகு கழற்றினாள்.

"இஞ்சாருங்கோ. இது ஒண்டையும் காட்டேல்லை."

போய்ப் பார்த்தேன். புதிய இயங்குதளத்தில் இணைப்பைப் படமாக வரைந்து காட்டும் ஒரு வசதி உண்டு. இடதுபக்கம் சிறு கணினி, நடுவில் வீடு, வலதுபக்கம் உலக உருண்டை. வழக்கமாக மூன்றையும் ஒரு பச்சைக் கோடு இணைக்கும். அன்று கணினி தனியாக நின்றது. பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. வீடும் இல்லை, உலகமும் இல்லை.

நான் பதறவில்லை. பதறுவதற்கு முன் செய்யவேண்டிய காரியங்கள் வழிகாட்டியில் இருந்தன. கணினியை நிறுத்தித் திரும்ப இயக்கினேன். வயர் இல்லா இணைப்புக்கென்று பக்கவாட்டில் இருந்த சிறு சுவிட்சைத் தள்ளிப் பார்த்தேன். பழுதைக் கண்டுபிடி என்ற பொத்தானை அழுத்தினேன். திரை இருண்டு, அனுமதிக்கிறீர்களா என்றது. அனுமதித்தேன். சிறிது நேரம் பச்சைப் பட்டை ஓடிவிட்டு, பிரச்சினை எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது.

"எனக்குக் கண்டுபிடிக்க முடியுது" என்றாள் மனைவி. "பரீட்சை மூண்டு மணிக்கு. அதுதான் பிரச்சினை."

அருகில் உள்ள வலைகளின் பட்டியலைத் திறந்தேன். தெருவில் இருப்பவர்களின் வலைகள் மூன்று, மூன்றிலும் பூட்டு. புனிதரின் பெயரைக் காணவில்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்த்தும் இல்லை.

ஒட்டாவாவில் படிக்கும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். பகுதிநேர வேலைக்குப் போயிருக்கவேண்டும், பதிவுக் குரல் வந்தது. லவாலில் இருக்கும் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தோம். காரில் அரை மணித்தியாலம். ஆனால் பரீட்சைக்கான நிரலி எங்கள் கணினியில் மட்டும் பதிவாகியிருந்தது. அங்கே இருந்ததோ மேசையோடு வயரால் கட்டிப்போட்ட பழைய கணினி, வயர் இல்லா இணைப்பே கிடையாது. எங்கள் கணினியைக் கொண்டுபோய் வயரில் பொருத்தலாம். அவளுக்கு எடுத்துக் கேட்டோம். குடும்பத்தோடு கோயிலை அலங்கரிக்க வந்து நிற்பதாகவும், வீட்டுச் சாவி கணவனிடம் இருப்பதாகவும், கணவன் பெரிய மெழுகுதிரி வாங்கப் போயிருப்பதாகவும் சொன்னாள்.

ஒன்றரை மணிக்குத் தொலைபேசி நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். இசை கேட்டபடி காத்திருந்தேன். ஒரு பெண் வந்தார், மிகப் பொறுமையானவர். நான் பிரச்சினையை வரிசைக்கிரமமாகச் சொன்னேன். அவர் பாராட்டிவிட்டு, பெட்டியின் முன்பக்கம் எத்தனை விளக்குகள் எரிகின்றன, என்ன நிறம் என்று கேட்டார்.

அது தெரியாது என்றேன். பெட்டி மூடப்பட்டிருக்கிறது.

எதனால் என்று கேட்டார். ஊதாத் துணியால் என்றேன். துணியை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொன்னார். இன்று மாலைவரை எடுக்க இயலாது என்றேன். பிறகு, துணியை எடுப்பதால் யாருக்காவது ஆபத்து இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். கைகளைக் கட்டிக்கொண்டு பீடத்துக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். ஒருவகையில் ஓம் என்றேன். விளக்குகளைப் பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போகத் தனக்கு அனுமதி இல்லை என்றும், வாடிக்கையாளரால் மாலைவரை விளக்குகளைப் பார்க்க இயலாது என்று பதிந்துவைப்பதாகவும், பார்த்தவுடன் திரும்ப அழைக்கலாம் என்றும் சொன்னார். நல்ல பாஸ்கா வாழ்த்தும் சொன்னார்.

நான் தொலைபேசியை வைத்தேன்.

"ஒரு நுனி" என்றேன். "ஒரே ஒரு நுனியைத் தூக்கிப் பாப்பம்."

"ஏலாது."

"உம்மடை பரீட்சைக்குத்தானே?"

"என்ரை பரீட்சைக்குத்தான் நேர்த்தியும். சோதினைக்கு ஒரு மணித்தியாலம் முந்தி அவருக்குக் குடுத்த வாக்கை முறிச்சுப்போட்டு, பேந்து அவரிட்டையே உதவி கேக்கிறதோ?"

அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். சலவைத் தொழிற்சாலையில் நீராவி பட்டு எப்போதும் சிவந்திருக்கும் விரல்களால் ஒலிவாங்கியின் வயரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். கார்தெரி நிர்வாகிக்கு இப்போதே எடுத்துச் சொல்லிவிடுவதா, செவ்வாய்க்கிழமை சொல்வதா என்று கேட்டாள். செவ்வாய் என்றேன்.

பிறகு அவள் கேட்டாள்:

"அவ என்ன கேட்டவ?"

"ஆர்?"

"போனிலை வந்த பிள்ளை."

"பெட்டியிலை லைற் எரியுதோ எண்டு."

"எப்பிடி எரியும்? வியாழக்கிழமை நான் எல்லாத்தையும் நூத்தனான் எல்லோ."

"நீர் நூத்தது பீடத்து லைற்றை. பெட்டி சுவரிலை."

"இப்ப எங்கை சுவரிலை? துணி போட்ட அண்டைக்கு ரெண்டு வயரையும் சேத்துக் கட்டி, பலகையிலை செருகினனான். வயர் தொங்கக் கூடாது எண்டு தலைகீழா நிண்டது ஆர்?"

நான் எழுந்து நின்றேன். அவளும் எழுந்தாள். இரண்டு பேரும் ஊதாத் துணியைப் பார்த்தோம்.

நீட்டுப் பலகையும் செருகிகளும் துணிக்குள் இருந்தன. பலகையின் வயரில் இருந்த சுவிட்ச் மட்டும் துணிக்கு வெளியே, கீழே சுவரோரம் இருந்தது. குனிந்து அழுத்தினால் போதும். நான் குனிந்தேன்.

"நில்லுங்கோ. போட்டா அவற்றை லைற்றும் எல்லோ எரியும்."

"துணிக்குள்ளைதானே."

"துணிக்குள்ளை எரிஞ்சா எனக்குத் தெரியாதோ?"

மணி இரண்டு ஆகிவிட்டது. பல்பைக் கழற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். துணியைத் தூக்காமல், பக்கவாட்டில் கையை மட்டும் உள்ளே விட்டுக் கழற்றலாம். தூக்குவது வேறு, கையை விடுவது வேறு. அவள் இதை யோசித்தாள். எங்கள் பங்குக் குருவானவரிடம் கேட்கலாமா என்றாள். அவர் திருவிழிப்பு நெருப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருப்பார் என்றேன். கடைசியில் சம்மதித்தாள். ஆனால் கையை விடுவது தானே என்றாள். என் கை பட்டால் சுருபம் விழுமாம்.

சட்டைக் கையை மடித்தாள். கண்களை மூடிக்கொண்டாள். துணியின் பக்கத்து மடிப்புக்குள் கையை மெல்ல நுழைத்தாள். அவளுடைய உதடுகள் அசைந்தன. பிரெஞ்சாக இருக்க முடியாது. துணி ஒரு பக்கம் புடைத்து, நகர்ந்து, மறுபடி தட்டையானது. "இது பெட்டி. இது அவற்றை கால்" என்றாள். சிறிது நேரம் கழித்துக் கை வெளியே வந்தது, உள்ளங்கையில் சிவப்பு பல்ப். துணி ஓர் அங்குலமும் உயரவில்லை. அதற்கு நானே சாட்சி.

சுவிட்சை அழுத்தினேன். ஊதாத் துணிக்குப் பின்னால், புனிதரின் காலடி இருக்கவேண்டிய இடத்தில், பச்சையாக ஒரு புள்ளி. பிறகு இன்னொன்று. அது துடித்துத் துடித்து நின்றது. மூன்றாவது வந்தது. கணினியில் பட்டியலைப் புதுப்பித்தேன். புனிதரின் பெயர் மேலே வந்து உட்கார்ந்தது. கணினி, வீடு, உலகம், நடுவில் பச்சைக் கோடு.

"வந்திட்டார்" என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்கு நான் வெளிப் படிக்கட்டில் நின்றேன். இஸ்திரிப் பெட்டியின் சத்தம்கூட அவளைக் குழப்பும் என்று வீட்டை விட்டு அனுப்பியிருந்தாள். கூரையிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. கதவு வழியே அவளுடைய குரல் கேட்டது. முதலில் தாழ்ந்து, ஒவ்வொரு சொல்லாக. ஏதோ ஒரு கேள்விக்குப் பிறகு வேகம் எடுத்தது. காலையில் தாய் விட்டுவிட்டுப் போகும்போது கதவடியில் நின்று அழும் குழந்தையை என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி என்று பிறகு சொன்னாள். அழுகையை நிறுத்து என்று சொல்லமாட்டேன், யன்னலடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் அம்மாவின் கார் திரும்பும்வரை சேர்ந்து கை காட்டுவேன் என்று பதில் சொன்னாளாம். என் பிரெஞ்சுக்கு அது அப்போது பிடிபடவில்லை. ஆசிரியை சிரித்ததும் எனக்குக் கேட்கவில்லை, அது அவள் காதுக்குள். மனைவி சிரித்தது மட்டும் கேட்டது. பரீட்சையில் ஒருவர் சிரிக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. அது நல்லதா கெட்டதா என்று யோசித்தபடி, உப்புப் போட்ட படிக்கே இன்னொரு பிடி உப்புப் போட்டேன்.

கதவு திறந்தது. ஒலிவாங்கி கழுத்தில் மாலைபோல் கிடந்தது.

"தேறியாச்சு. தாள் பேந்து வருமாம். ஆனா தேறியாச்சு எண்டு மனுசி வாயாலை சொன்னவ."

நான் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். எங்களுக்கு அது வழக்கம் இல்லை. இருவருக்கும் வெட்கமாகப் போனது. அவள் உடனே கார்தெரி நிர்வாகிக்கு எடுத்து, பதிவுக் கருவியில் பிரெஞ்சில் செய்தி விட்டாள். அதே செய்தியைத் தமிழில் தங்கைக்குச் சொன்னாள், இரண்டு மடங்கு நீளத்துக்கு.

தேநீர் குடித்தபோது எனக்கு ஒரு கணக்கு இடித்தது. பெட்டி நூர்ந்தது வியாழன் இரவு. ஆனால் வெள்ளி மாலை, சிலுவைப்பாதை முடிந்து வந்து, ஊர்ச் செய்திகளை நான் இதே கணினியில் வாசித்தேன். அவளும் பாடம் பார்த்தாள். இன்று காலை ஒன்பது மணிக்கு நானே சரிபார்த்தேன். பெட்டி செத்துக் கிடக்கும்போது இவ்வளவும் எப்படி நடந்தது? மனைவி இதைப் புனிதர் செய்த புதுமை, அற்புதம் என்று விட்டுவிடத் தயாராக இருந்தாள். என்னால் முடியவில்லை.

கணினி நினைவில் வைத்திருக்கும் வலைகள் என்று ஓர் இடம் அந்த இயங்குதளத்தில் உண்டு. நான் அதுவரை அங்கே போனதில்லை. திறந்தேன். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று புனிதருடையது. மற்றது பெப்ரவரியில் முதல் மாலையில் நான் அழுத்திய, பூட்டில்லாத அந்தப் பெயர். ஒன்று இல்லாதபோது மற்றதோடு, கேட்காமலே, சத்தம் இல்லாமல் சேர்ந்துகொள்வதுதான் இந்த இயங்குதளத்தின் புதிய வசதி. விளம்பரத்தில் புகழ்ந்திருந்த வசதியே அது. எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்கும் கணினி, இதற்கு மட்டும் கேட்கவில்லை. அல்லது கேட்டது, நான்தான் முதல் நாளே ஓம் என்றிருந்தேன்.

"அப்ப மற்றது ஆற்றை?" என்றாள்.

காலை ஒன்பது மணிக்கு இருந்தது, ஒரு மணிக்கு இல்லை. இடையில் என்ன நடந்தது? பத்து மணியளவில் ஒருவர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டு எல்லாச் செருகிகளையும் பிடுங்கியிருந்தார். நான் விரலால் தரையைக் காட்டினேன்.

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பெரிய வெள்ளி முழுக்க இறைச்சி தொடேல்லை. மதாமின்ரை இன்ரநெற்றைச் சாப்பிட்டிருக்கிறம்."

துணி போட்ட நாளிலிருந்து, ஒவ்வோர் இரவும் செபமாலை முடிந்து சுவிட்சை அவள் நூர்த்தபின், நான் செய்தி வாசித்தது எல்லாம் கீழ்வீட்டுக் கணக்கில்தான். ஐந்து சதம்கூடப் பிறர் பொருளில் எடுக்காதவன் நான். குருவானவரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று கேட்டேன். அதற்கு முதல் மதாமிடம் சொல்லவேண்டும் என்றாள். அதுவும் சரிதான். அந்த அம்மாவின் வலையில் கதவே இல்லை. நான் நுழைந்ததுபோல் தெருவில் போகிற யாரும் நுழையலாம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போகும் ஒருவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும்.

அந்தப் பெயரைத் தெரிவுசெய்து, நீக்கு என்பதை அழுத்தினேன். திரை இருண்டது. அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது. "அனுமதி" என்றாள் மனைவி, இமிகிரேசன்காரரின் குரலில்.

மாலையில் திருவிழிப்புக்குப் போனோம். வானவர் கீதம் தொடங்கி, கோயில் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தபோது, அவள் கைப்பையைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டாள். சிவப்பு பல்பைக் கைத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். வீடு திரும்பியதும் துணியை எடுத்து, பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டாள். புனிதரின் முகத்தில் சிவப்பு, காலடியில் பச்சை. பெட்டியின் வயரைச் சுவருக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இரவில் அவரும் தூங்கட்டும், நீங்களும் தூங்குங்கோ என்றாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து, கொப்பியும் கையுமாகப் பால்கனிக்குப் போனேன். கதவடியில் அவள் என்னை மறித்தாள். மதாமிடம் சொல்லவேண்டியதைப் பிரெஞ்சில் தயாரித்து வைத்திருந்தாள். பொன்ஜூர், மதாம். உங்கள் இணையத்துக்குப் பூட்டு இல்லை. நாங்கள் தெரியாமல் உபயோகித்துவிட்டோம். மன்னிக்கவேண்டும். விருப்பம் என்றால் நான் வந்து பூட்டுப் போட்டுத் தருகிறேன். குளிரில் கதவைப் பிடித்துக்கொண்டு அதை நான் சொன்னேன். உச்சரிப்புச் சரியில்லை என்றாள். மறுபடி சொன்னேன். கார்தெரியில் மூன்று வயதுப் பிள்ளைகள் இதைவிட நன்றாகச் சொல்வார்கள் என்றாள், அங்கே பத்து வருடம் வேலை செய்தவள்போல. மறுபடியும் சொன்னேன். "ம், காணும்" என்று கதவை விட்டாள்.

வெப்பமானியைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.